அனுமதி மேசையின் ‘ஆம்’

அந்த மருத்துவமனைக்குள் நோயாளியாக நுழைகிற யாரும் முதலில் அவள் முகத்தில்தான் விழிக்க வேண்டும். வாசலுக்கு நேரே ஒரு கண்ணாடித் தடுப்பு, அதன் பின்னால் ஒரு கணினி, ஒரு பிரிண்டர், காதோரம் நரைத்த ஒரு பெண். தலைக்கு மேலே ‘அனுமதி’ என்று பலகை தொங்கியதால் அவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. டாக்டர்கள் முதல் தரை துடைக்கிறவர்கள் வரை எல்லோருக்கும் அவள் அனுமதியக்கா. பதினேழு வருடமாக அதே நாற்காலி.

பெயர், வயது, வியாதி, வார்டு என்று அடித்து முடித்ததும் திரையில் ஒரு பெட்டி வந்து கேட்கும்: ‘நோயாளியை அனுமதிக்கவா?’ கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள். கட்டில் காலியில்லாத நாளில்கூட அவள் ‘இல்லை’யை அமுக்கியதில்லை. வராந்தாவில் ஒரு ஸ்ட்ரெச்சரைப் போடச் சொல்லி, நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாவது ‘ஆம்’ கொடுத்துவிடுவாள். வலியோடு வாசல் வரை வந்துவிட்டவரைத் திருப்பி அனுப்ப என் விரலுக்குத் தெம்பில்லை என்பாள். அந்த இளகிய மனசே ஒருநாள் அவளைக் கவிழ்த்துவிடும் என்று யார் கண்டது?

இன்னொரு பெட்டியும் அடிக்கடி வரும். ஸ்கேன் படங்களைக் காட்டும் செயலி பழையது. அதைத் திறக்கும்போதெல்லாம் திரை மங்கி, கணினியே கேட்கும். முன்பெல்லாம் அது ஆங்கிலத்தில் கேட்டது. கூடவே கடவுச்சொல்லும் கேட்டது. கடவுச்சொல்லோ மூன்றாம் மாடியில் இருக்கும் சிஸ்டம்காரரிடம். நாளுக்கு இருபது தடவை மாடியிறங்கி வந்த அவர் ஒருநாள் மூச்சிரைக்க நின்றார்.

“இப்படியே போனா என்னையும் நீங்கதான் ஒருநாள் அட்மிட் பண்ணணும்க்கா.”

“நான் என்ன தம்பி பண்ணட்டும்? அது கேக்குது, உங்களைக் கூப்பிடறேன். வரிசையில நிக்கறவங்க என்னைக் கண்ணாலயே எரிக்கறாங்க.”

“சரி, இனிமே கடவுச்சொல் கேக்காது. தமிழ்லயும் மாத்திடறேன். அனுமதிக்கவான்னு கேட்டா ஆம் கொடுத்துடுங்க.”

“வேற ஏதாவதுக்கும் அப்படிக் கேட்டா?”

“படிச்சுப் பாருங்க. சந்தேகமா இருந்தா இல்லை கொடுங்க.”

சந்தேகம் என்பது பார்க்க எப்படி இருக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வரிசை நகர்ந்தது, அது போதுமாக இருந்தது. நாளடைவில் இரண்டு பெட்டிகளும் அவளுக்கு ஒன்றாகிப்போயின. ‘அனுமதி’ என்ற சொல்லைப் பார்த்ததும் விரல் தானாக ‘ஆம்’ பக்கம் போய்விடும்.

அந்தப் புதன்கிழமை அவள் மனசு கீழே இல்லை. இரண்டாம் மாடியில், ஒன்பதாம் எண் கட்டிலில் இருந்தது. பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருந்த அவள் கணவர் அங்கே படுத்திருந்தார். முதுகுத்தண்டில் ஒரு கட்டி நரம்பை நெருக்கி, வலது கால்விரல்கள் மரத்துவிட்டன. இந்த ஆபரேஷன் தெரிந்த பெரிய டாக்டர் வெளியூர்க்காரர். மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை வருவார், மதிய ரயிலில் போய்விடுவார். மரப்பு மேலே ஏற விட்டால் அந்தக் கால் திரும்பாது என்று போன மாதமே சொல்லியிருந்தார். நாளைக்கு முதல் ஆபரேஷன் இவருக்குத்தான்.

காலையில் அவள் காபி கொண்டுபோனபோது அவர் கிண்டல் செய்தார்.

“ஊருக்கெல்லாம் ஆம் கொடுக்கறே. வீட்டுல நான் கேட்டா மட்டும் இல்லைங்கறே.”

“நடந்து வீட்டுக்கு வாங்க. அப்புறம் நீங்க எது கேட்டாலும் ஆம்தான்.”

“சாட்சிக்கு நர்ஸம்மா இருக்காங்க, பாத்துக்கோ.”

சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவளை நீண்ட வரிசை எதிர்கொண்டது. பதினோரு மணிக்கு ஒரு விபத்து வேறு. மூன்று ஸ்ட்ரெச்சர்கள். “கொஞ்சம் சீக்கிரம்மா, இங்கயே குடித்தனம் வைக்கச் சொல்றீங்களா?” என்றார் ஒருவர். அந்த நேரம் பார்த்து ஒரு மின்னஞ்சல்: ‘பரிந்துரைக் கடிதம், அவசரம்.’ சின்ன கிளினிக்குகள் தினமும் அனுப்புவதுதான். அதோடு வந்த இணைப்பைத் திறந்தாள். திரை மங்கியது. ‘இந்தச் செயலி உங்கள் கணினியில் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கிறீர்களா?’ அதன் கீழே சிறிய எழுத்தில், ‘வெளியிட்டவர்: தெரியவில்லை.’

அவள் அதைப் படித்தாள். சத்தியமாகப் படித்தாள். ஆனால் ‘தெரியவில்லை’ அவளுக்குப் புதிதல்ல. சற்று முன்தான், மயங்கிக் கிடந்த ஒருவருக்குப் பெயர் என்ற இடத்தில் ‘தெரியவில்லை’ என்று தன் கையாலேயே அடித்து, ஆம் கொடுத்து, வார்டுக்கு அனுப்பியிருந்தாள். பெயர் தெரியாதவரை வெளியே நிறுத்தும் வழக்கம் அந்த மேசைக்கு இல்லை.

விரல் ‘ஆம்’ என்றது.

பன்னிரண்டு மணிக்குள் எல்லா மாடிகளிலும் திரைகள் உறைந்துபோயின. ரத்தப் பரிசோதனை, மருந்துப் பட்டியல், ஸ்கேன் படங்கள், எல்லாவற்றையும் எவனோ ஒருவன் எங்கோ இருந்துகொண்டு பூட்டிவிட்டான். படங்களை ஃபிலிமில் அச்சடிப்பதை அவர்கள் நிறுத்தி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிஸ்டம்காரர் ஒவ்வொரு கணினியாகப் பார்த்துக்கொண்டே வந்து கடைசியில் அவள் மேசையருகே நின்றார். பின்னாலேயே மேனேஜர்.

“படிக்காமலா அமுக்கினீங்க?” மேனேஜர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

“படிச்சேன் சார்.”

“தெரியவில்லைன்னு போட்டிருக்கே.”

“பேர் தெரியாதவங்களையும் நாம சேர்க்கறோமே சார்.”

மேனேஜர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சிஸ்டம்காரர் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்: “கடவுச்சொல்லை எடுத்தது நான்தான் சார். தினம் மாடியிறங்க முடியலை.”

பழி பங்கு போடப்பட்டதால் பூட்டு திறந்துவிடுமா? திறக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பெரிய டாக்டர் வந்தார். அவள் வழிமறித்துக் கைகூப்பினாள்.

“போன மாசம் நீங்களே படத்தைப் பாத்தீங்களே சார்.”

“பாத்தேன்மா. ஞாபகத்தை வெச்சுக்கிட்டு முதுகுத்தண்டுல கத்தி வைக்க முடியாது.”

“இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்துட்டா?”

“மெஷினும் அதே பூட்டுலதான் இருக்கு. பத்து நாள் ஆகுமாம். வேற ஊர்ல ஆபரேஷன் பண்றதுன்னா அங்க வரிசையில மூணு மாசம் காத்திருக்கணும். அடுத்த மாசம் நான் வரும்போது முதல் ஆள் இவர்தான்.”

“அதுவரைக்கும் கால் தாங்குமா சார்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு மதிய ரயிலுக்குப் புறப்பட்டார். வாசலில் அவருடைய கார் மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஓடிப்போய்க் காரின் முன்னால் விழுந்தாலும் அந்தப் படங்கள் திரும்பி வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

மேலே போனாள். கணவர் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தார்.

“கம்ப்யூட்டர் கெட்டா நீ என்னம்மா பண்ணுவே? மூஞ்சியைத் தொங்கப் போடாதே.”

“கெடலீங்க. நான்தான் கெடுத்தேன்.”

எல்லாவற்றையும் சொன்னாள். கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரர் மரியாதையாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கணவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

அவர் கேட்டது வேறு. “இல்லைன்னு கொடுத்திருக்கணும்னு உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”

“தெரிஞ்சிருக்காது.”

“அப்புறம் எதுக்கு அது உன்கிட்ட கேட்டுச்சு?”

பதினேழு வருடத்தில் அந்தத் திரையை அவள் எதிர்க்கேள்வி கேட்டதே இல்லை.

நான்கு மணிக்கு நர்ஸ் வந்தாள். கட்டில் வேறொருவருக்கு வேண்டும், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அனுமதியக்கா அவருடைய துணிகளைப் பையில் அடைத்தாள். அவரைத் தூக்கி உட்காரவைத்து, கீழே குனிந்து, இரண்டு கால்களிலும் செருப்பை மாட்டி வாரை இழுத்துக் கட்டினாள்.

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, சக்கர நாற்காலியைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு சொன்னார்:

“வலது கால் செருப்பையும் மாட்டிவிடும்மா, போகலாம்.”