பட்டியலில் இல்லாத இருபத்தோராவது ஆள்

தீவுப்பக்கம் போகிறவர்கள் நயினாதீவில் கோயிலும் நெடுந்தீவில் குதிரையும் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருவரும் எழுதவில்லையே என்றுதான், பங்குனியில் கடல் படுத்திருக்கும் நாளாகப் பார்த்து, நானும் தோழி சுகந்தியும் போனோம். இரண்டு பேரும் திருகோணமலையில் சுழியோடக் கற்றவர்கள். அழகான படங்களோடு வந்திருக்கவேண்டிய பதிவு இது. கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காற்றுச் சிலிண்டர்களையும் அவசரத்துக்கென்று ஒரு ஒட்சிசன் சிலிண்டரையும் திருகோணமலையிலிருந்தே கொண்டுவந்தோம். சனிக்கிழமை காலை 5.30க்கு யாழ்ப்பாணத்தில் வாடகை வான் ஏறி, பண்ணைப் பாலம், சரவணை வழியாக 6.20க்குக் கரம்பொன் போய்ச் சேர்ந்தோம். வானுக்கு 6,000 ரூபா. படகுக்காரர் மரியதாஸ் அண்ணைக்கு நாள் முழுவதற்கும் 18,000. முக்கால் மணி நேர ஓட்டம். பதினொரு மீற்றர் ஆழத்தில் பழைய இரும்புக் கப்பல் ஒன்று கிடக்கிறது. விலா எலும்புதான் மிச்சம், ஆனால் அதற்குள் கலவாய் மீன்கள் வீட்டுக்காரர் மாதிரி எங்களை முறைத்தன.

இறங்கி இருபது நிமிடம் ஆகியிருக்காது, மேலே இரும்பை இரும்பால் அடிக்கும் சத்தம். உடனே ஏறு என்பதற்கு நாங்கள் பேசிவைத்த சைகை அது. மேலே வந்தால் அண்ணையின் முகத்தில் இரத்தமில்லை.

“சுனாமி வருதாம்! போன் வந்தது. கெதியா ஏறுங்கோ!”

சுனாமி என்றால் கரையில் நிற்பவர் மேட்டுக்கும், கடலில் நிற்பவர் ஆழத்துக்கும் போகவேண்டும். அது அண்ணைக்கும் தெரியும். ஆனால் மனைவியும் பிள்ளைகளும் கரையில் அல்லவா? மாதாவைக் கூப்பிட்டபடி, படகை எந்தப் பக்கம் திருப்புவதென்று தெரியாமல் நின்றார்.

அப்போதுதான் தூரத்தில் ஒரு கடலட்டைப் படகிலிருந்து துணியை வீசிக் கூப்பிட்டார்கள். போனோம். அன்ரன் என்ற இருபத்தெட்டு வயதுச் சுழியோடி பலகையில் கிடந்தார். விடியற்காலையிலிருந்து ஆழக் கடலில் நாலு தரம் இறங்கியவர். நாலாம் தரம் கீழே இருக்கும்போது சுனாமி என்று செய்தி வர, கூட்டாளிகள் இருவரும் பதறிப்போய்க் கயிற்றால் ஒரே இழுவையாக இழுத்துவிட்டார்கள். ஆழத்திலிருந்து ஆறுதலாக, மெல்ல மெல்ல ஏறாவிட்டால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டும். அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

“சிலிண்டரோட திரும்பக் கடலுக்குள்ள இறக்கினா இந்த வருத்தம் மாறீடும் அக்கா. நாங்கள் இப்பிடித்தான் செய்யிறனாங்கள்,” என்றார் ஒரு கூட்டாளி.

யாருக்காவது மாறியிருக்கலாம். கால் அசையாத ஒருவரைத் திரும்பக் கடலுக்குள் இறக்க நான் விடவில்லை. அவரை எங்கள் படகுக்கு மாற்றி, ஒட்சிசனை அவர் மூக்கில் பிடித்தபடி, சுனாமி வந்தாலும் வரட்டும் என்று கரைக்கு விடச் சொன்னேன். பாதி வழியில் அண்ணைக்கு மனைவி போன் எடுத்தார். சுனாமியுமில்லை ஒன்றுமில்லை, சுனாமிப் பயிற்சியாம்! அண்ணை அப்போது சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத ஏலாது.

9.40க்கு இறங்குதுறைக்கு வந்தோம். செம்மஞ்சள் அங்கி போட்ட அதிகாரி ஒருவர் கோப்போடு மறித்தார்.

“பயிற்சி நடக்குது. ரெண்டாவது அலை முடியுமட்டும் ஒருத்தரும் இறங்க ஏலாது.”

“இவருக்குக் கால் ரெண்டும் இயங்கேல்லை. அம்புலன்ஸ் வேணும்,” என்றேன்.

அவர் கோப்பைப் புரட்டினார். “காயக்காரர் இருபது பேர். இவரின்ர பேர் இதில இல்லையே.”

அங்கே நின்ற ஒரே அம்புலன்ஸில், தலையில் சிவப்பு மை பூசிய கட்டோடு, காயக்காரியாக நடிக்க வந்த பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் படுத்திருந்தார். மேலதிகாரி வந்து படமெடுக்கும்வரை வண்டி அசையக்கூடாதாம். இருபத்தைந்து நிமிடம் கத்தினோம். கடைசியில் அந்த ரீச்சர்தான் எழும்பிக் கட்டைப் பிய்த்து எறிந்தார்.

“எனக்கு ஒண்டுமில்லை! முதல்ல அவரை ஏத்துங்கோ, பிறகு ஆறுதலாப் படமெடுங்கோ!”

அன்று அங்கே புத்தியோடு இருந்தவர் அவர் ஒருவர்தான். வண்டி போனபிறகு அதிகாரியைக் கேட்டேன்: செய்தியில் பயிற்சி என்று ஒரு சொல் போட்டால் என்ன?

“பயிற்சி எண்டு சொன்னா சனம் ஓடாது தங்கச்சி.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கோப்பைப் பிடுங்கிக் கடலில் எறிந்திருப்பேன். சுகந்தி கையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் போவதானால் பங்குனி, சித்திரையில் போங்கள். சிலிண்டர்களோடு ஒட்சிசனும் கட்டாயம் கொண்டுபோங்கள். படகுக்காரரோடு சைகையை முன்கூட்டியே பேசுங்கள்; என்ன செய்தி வந்தாலும் கீழே இருப்பவரை இழுக்கவேண்டாம் என்று இரண்டு தரம் சொல்லுங்கள். அன்றைக்குப் பயிற்சி ஏதும் உண்டா என்று கிராம சேவையாளரிடம் விசாரியுங்கள். சுழியோடப் போகிறவர் இதையெல்லாம் விசாரிக்கவேண்டியிருப்பது வெட்கக்கேடு. ஆனாலும் விசாரியுங்கள்.

மூன்று கிழமை கழித்து அன்ரனை ஆஸ்பத்திரியில் பார்த்தேன். வலது கால் அசைகிறது. இடது கால் இன்னும் இல்லை. வந்துவிடும் என்று ஒரு டொக்டரும் சொல்லவில்லை.

“அண்டைக்குப் பயிற்சியில எல்லாரையும் காப்பாத்திட்டினமாமோ அக்கா?” என்று கேட்டார். கேலியில்லை, உண்மையாகவே அறியத்தான் கேட்டார்.

“ஓம்,” என்றேன். “இருபது பேரையும்.”