அடுப்படிக்குப் போன கேமரா

“…திங்க முடியாததப் படம் புடிச்சுப் போட்டுட்டு, திங்கறதுக்கு வாங்கன்னு ஊரை எப்படிங்க சாமி கூப்புடறது?” என்று கேட்டார் பேக்கரிக்கார அக்கா. அவர் கையில் ஒரு பன் இருந்தது. அரை நிமிடத்துக்கு முன்பு அது அடுப்பு பார்க்கும் மாஸ்டரின் வாய்க்குப் போக இருந்தது. நான் போட்ட கூச்சலில்தான் மாஸ்டர் தப்பித்தார்.

தப்பு என்னுடையதுதான். கல்யாண வீடுகளில் கேமரா தூக்கிக்கொண்டிருந்தவன் நான். இப்போது சேலம், நாமக்கல் பக்கத்துப் பேக்கரிகளுக்குப் பன், பப்ஸ், கேக் எல்லாம் படம் எடுத்துக் கொடுக்கிறேன். யாரும் சொல்லித்தரவில்லை. எடுத்தேன், கெடுத்தேன், மறுபடி எடுத்தேன். ஆறிப்போன பன் விளக்கு வெளிச்சத்தில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்திருந்தேன். மணப்பெண்ணின் கொண்டை கலையாமலிருக்க அடிக்கிற ஸ்பிரேயைப் பன் மேலும் அடித்தால் போதும், மினுமினுவென்று ஆகிவிடும். படம் எடுத்த பன்னைக் கடைக்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

சங்ககிரி சாலையில் இருக்கும் இந்தப் பேக்கரியில் ஒரு பழக்கம். விற்காமல் மேசையில் நிற்பது எதுவானாலும் பதினோரு மணி டீயோடு வேலை செய்கிறவர்களுக்குப் போய்விடும். மாஸ்டர் அந்தப் பழக்கத்தில்தான் கையை நீட்டியிருக்கிறார்.

“நல்லவேளைங்க, இல்லாட்டி எனக்கு வயித்துக்குள்ள கொண்டை போட்டிருக்கும்” என்றார் அவர்.

அக்கா சிரிக்கவில்லை. “எத்தனைக்கு அடிச்சீங்க?” என்று என்னைக் கேட்டார்.

“ஒரு தட்டு முழுக்கங்கக்கா.”

உதிர்ந்த தூளைக்கூட வீணாக்காத மனுஷி அவர். மீந்த பிரெட்டை ரஸ்க் ஆக்கிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒரு தட்டு பன்னையும் செய்தித்தாளில் இறுகச் சுற்றிக் கட்டிக் குப்பையில் போட்டார். அவிழ்த்து நாய் தின்றுவிடக் கூடாது என்று இரண்டு முடிச்சு. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அன்றைக்கு நேரம்தான் அவரிடம் இல்லை. கடைக்கு எதிரே மேம்பாலம் வந்ததிலிருந்து லாரிகள் மேலேயே போய்விடுகின்றன. மேட்டூரில் ஓர் ஆலையின் கேன்டீனுக்குத் தினமும் பன் போடும் ஆர்டர் கிடைத்தால்தான் மாஸ்டரையும் மற்ற மூன்று பேரையும் அவர் வேலையில் வைத்துக்கொள்ள முடியும். அதற்குப் பன்னிரண்டு மணிக்குள் அங்கே படம் போய்ச் சேர வேண்டும்.

சாயங்காலத்துக்குப் பிசைந்து வைத்த மாவு உப்பிக்கொண்டிருந்தது. அக்கா அதை அடுப்புக்கு அனுப்பச் சொன்னார். நான் முன்னறையில் விளக்குகளைத் திரும்பவும் சரிசெய்யப் போனேன்.

“அதென்னுங்க, எப்பப் பாத்தாலும் பன்னு உங்க மேசைக்கு வாரது? இன்னைக்கு உங்க பொட்டி எங்க அடுப்புக்கு வரட்டும்” என்றார்.

போனேன். இத்தனை வருடத்தில் ஒரு பேக்கரியின் அடுப்படிக்குள் கேமராவோடு நான் போனது அதுதான் முதல்முறை. மாஸ்டர் தட்டை வெளியே இழுத்து, பாலும் சர்க்கரையும் கலந்த தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்துச் சூட்டோடு ஒரு இழுப்பு இழுத்தார். அந்தப் பளபளப்பு எந்த டப்பாவிலும் கிடையாது. பின்கதவு வழியாக வந்த வெயில் அதன் மேல் விழுந்தது.

“சீக்கிரமுங்க. அஞ்சு நிமிசத்துல மூஞ்சி வாடிப்போயிரும்” என்றார் மாஸ்டர், பெண் பார்க்க வந்தவர்களை அவசரப்படுத்துவதுபோல.

ஆவி லென்ஸை மூடியது. துடைத்துத் துடைத்து எடுத்தேன். சூட்டுத் தழும்பு நிறைந்த மாஸ்டரின் கை ஓரத்தில் விழுந்தது. நகர்த்தச் சொன்னேன்.

“இருக்கட்டுமுங்க. அந்தக் கையில்லாம இந்தப் பன்னு ஏது?” என்றார் அக்கா. அதுதான் நான் இதுவரை எடுத்ததில் நல்ல படம். எனக்குக் கண் மட்டும்தான் இருந்தது. எதைப் பார்ப்பது என்று அவர்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது படத்தை அனுப்பினோம். கொஞ்ச நேரத்தில் கேன்டீன் சூப்பர்வைசர் கூப்பிட்டார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

“படம் அருமைங்க. ஆனா ஓரத்துல ஒரு பன்னு கறுத்திருக்குது. அதைமட்டும் கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வெளுப்பாக்கி அனுப்பச் சொல்லுங்க. மேலதிகாரி பாத்தா வேண்டாம்னுருவாரு.”

எனக்கு இரண்டு நிமிட வேலை. லேப்டாப்பைத் திறந்தேவிட்டேன். நானாக இருந்தால் செய்திருப்பேன். மாஸ்டர் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அக்காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அக்கா என் லேப்டாப்பை மெல்ல மூடினார். “வெளுப்பாக்கிரலாமுங்க. நாளைக்கு அங்க பன்னு வந்து எறங்குனப்பறம் அதை யாரு வெளுப்பாக்கறது? அடுப்பு மூலையில நிக்கறது கொஞ்சம் கறுக்கத்தாஞ் செய்யும். முழுத்தட்டையும் நானே எடுத்துட்டு வாரேன். நான் வர்ற வரைக்கும் உங்க மேலதிகாரிய டீ குடிச்சுறாம இருக்கச் சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டு, பன்களைச் சூட்டோடு பெட்டியில் அடுக்கி வெள்ளைத்துணி போட்டு மூடினார். வாசலில் நின்ற ஆம்னி வேனின் முன்சீட்டில் பெட்டியை வைத்து, அதற்கு சீட் பெல்ட்டையும் மாட்டினார். என்னைப் பின்னால் ஏறச் சொல்லிவிட்டு மேட்டூருக்கு வண்டியை எடுத்தார்.