பல்லில் கேட்ட கிதார்

மதுரை சிம்மக்கல்லில் நான் மூட்டை தூக்கிய காலத்தில், நாங்கள் பலர் சேர்ந்திருந்த அறையில் அவரும் தங்கியிருந்தார். பஞ்சாலையில் வேலை. ஒடிசலான உடம்பு, தலைமுடியில் எப்போதும் பஞ்சு. யாரோ டேப் ரெக்கார்டரில் போட்ட இங்கிலீஷ் ராக் பாட்டைக் கேட்டதிலிருந்து, எலக்ட்ரிக் கிதார் வாங்கியே தீருவது என்றிருந்தார்.

பழைய சாமான் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கே இரண்டு கிதார்கள் இருந்தன. அவரிடமிருந்த பணத்துக்கு, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரையும் சேர்த்து வாங்க முடியாது. அதனால் ஒவ்வொரு கிதாரின் மர ஓரத்தையும் பல்லால் கவ்விக்கொண்டு கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

“கடிச்சுப் பாத்து வாங்க இது என்ன கரும்பாண்ணே?” என்றார் கடைக்காரர்.

“நீயும் கடிச்சுப் பாரு மாப்ள,” என்று, தான் கவ்வியிருந்த கிதாரை அவர் என்னிடம் நீட்டினார்.

கடித்தேன். வெளியே கொசுவாய்க் கேட்ட சத்தம், மண்டைக்குள் லாரி கிளம்பியதுபோல் அதிர்ந்தது.

பளபளத்த சிவப்பு கிதாரை விட்டுவிட்டு, பெயின்ட் உதிர்ந்ததை வாங்கினார். “இதுலதான் சத்தம் அம்புட்டு நேரம் நிக்குது,” என்றார்.

எங்கள் அறையில் பலருக்கு இரவு வேலை, பகலில்தான் தூக்கம். மூலையில் குனிந்து, கிதாரைக் கவ்வியபடி அவர் வாசிப்பார். யாரும் விழித்ததில்லை. நான் பக்கத்திலேயே படுத்திருப்பேன். அவர் நன்றாக வாசித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.