சல்லடைக்காரர் ஒளித்த பைகள்

கொக்கியைத் தண்ணீருக்குள் இறக்குகிறார். இடுப்பை வளைத்து அதை ஒரு சுற்று சுற்றுகிறார். அப்புறம் அவசரமே இல்லாமல், தூங்கும் பிள்ளையின் கைக்குள்ளிருந்து பொம்மையை உருவுகிற மாதிரி இழுக்கிறார். கறுப்புத் தண்ணீர் வழிய ஒரு கொத்து பிளாஸ்டிக் பைகள் மேலே வருகின்றன. கொக்கியைச் சுவரில் ஒரு தட்டு. பைகள் சிமெண்டுத் தரையில் சொத்தென்று விழுகின்றன. மறுபடியும் கொக்கி தண்ணீருக்குள்.

நகரத்தின் மழைத்தண்ணீரையும் சாக்கடைத் தண்ணீரையும் ஆற்றுக்குத் தள்ளும் பம்ப் ஹவுஸ் அது. மோட்டாருக்கு முன்னால் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பிச் சல்லடை. அதில் அடைப்பதை எடுத்துக்கொண்டே இருப்பதுதான் அவர் உத்தியோகம். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. ஊருக்கே அவர் சல்லடைக்காரர்.

ஐம்பத்து நான்கு வயது. குட்டையான உடம்பு, அதற்குச் சம்பந்தமில்லாத பெரிய கைகள். பேச்சு குறைவு. அந்தக் குறையைத் தீர்த்து வைக்க மோட்டார் ஆப்பரேட்டர் இருக்கிறார். அவருக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்ததும் சல்லடைக்காரர்தான்.

பைகளைப் பார்த்தே ஊர் நடப்பைச் சொல்லிவிடுவார். சின்ன வெள்ளைப் பைகள் கூடுதலாக வந்தால் "மருந்துக்கடைப் பை. ஊர்ல காய்ச்சல் பரவுது" என்பார். கெட்டியான மஞ்சள் பை வந்தால் துணிக்கடையில் தள்ளுபடி. கறுப்புப் பையை மட்டும் பிரிக்க மாட்டார். "மறைக்கணும்னுதானே கறுப்புல கேட்டு வாங்கியிருக்காங்க. நமக்கு எதுக்கு?" அந்த நாகரிகம் சாக்கடை ஓரத்திலும் உண்டு.

மோட்டாருக்குள் பை புகுந்துவிட்டால் மீட்டரைப் பார்க்கமாட்டார். சுவரில் காதை வைப்பார். "தொண்டையில ஏதோ மாட்டிக்கிச்சு, நிறுத்து" என்பார் ரேடியோவிடம். பிரித்துப் பார்த்தால் மாட்டியிருக்கும்.

இவ்வளவு பையோடு மல்லுக்கட்டுகிறவர் வீட்டில் ஒரு பை இருக்கலாமா? இருந்தது. கட்டுக்கட்டாக இருந்தது. அவர் மனைவிக்குக் கடைத்தெரு முனையில் காய்கறி வண்டி. பன்னிரண்டு வருடமாக அதே முனை. எல்லா வண்டிகளிலும் கறுப்புப் பை கொடுத்தபோது, இவள் மட்டும் தேடிப் பிடித்து வெளிர்பச்சையில் வெள்ளைக் கோடு போட்ட பை வாங்கினாள். "தக்காளியை அதுல போட்டா தக்காளிக்கே ஒரு களை வருது" என்பது அவள் கட்சி.

கணவன் மனைவிக்குள் இந்த விஷயத்தில் வாய்த்தகராறு சாப்பாட்டு நேரத்தில்தான் வரும்.

"எல்லாத்துக்கும் கவரைக் குத்தம் சொல்லாதீங்க. கவர் என்ன, தானா நடந்து போய் சாக்கடையில விழுந்துச்சா?"

"நடக்காது. பறக்கும்."

"அப்போ காத்தைப் போய்க் கேளுங்க."

அவர் சிரித்துக்கொண்டே தட்டைக் கழுவ எழுந்துவிடுவார். மேலே பேசாததற்கு ஒரு காரணம் இருந்தது. அது ரேடியோவுக்குக்கூடத் தெரியாது.

வண்டி போட்ட முதல் வாரத்திலேயே ஒரு பச்சைக் கோட்டுப் பை சல்லடைக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் நான்கு. அப்புறம் கணக்கில்லை. வந்ததையெல்லாம் தனியாக எடுத்து, மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு சாக்கில் திணித்துவைப்பார். குப்பை லாரி வரும்போது அந்தச் சாக்குதான் முதலில் ஏறும். மற்றதெல்லாம் அதன் மேல் விழுந்து மூடிவிடும்.

"ஏண்ணே, பச்சைக்கு மட்டும் என்ன தனி மரியாதை?" என்று ரேடியோ ஒருமுறை கேட்டார்.

"கலர் நல்லா இருக்கு" என்றார். அதோடு சரி.

போன மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. முதல் மோட்டார் அரை மணியில் நின்றது. இரண்டாவதன் சத்தம் கரகரத்தது. சுவரில் காதை வைத்தவர் முகம் மாறிவிட்டது. "நிறுத்து, நிறுத்து" என்றார். இரண்டு மோட்டாரும் நின்றால் தண்ணீர் போக வழியில்லை. பள்ளத்தில் இருந்த இரண்டு தெருக்களில் முழங்காலுக்கு ஏறியது. அங்கே ஒரு சின்ன மருத்துவமனை. தரைத்தளத்தில் படுத்திருந்தவர்களை நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கினார்கள்.

அவர் குப்புறப் படுத்து, மோட்டாருக்குள் தோள்வரை கையை விட்டு, ரம்ப பிளேடால் அறுத்தார். உள்ளே சுற்றும் விசிறியின் தண்டில் பைகள் கயிறாக முறுகி, கல்லாக இறுகியிருந்தன. அறுத்து முடிக்க மூன்று மணி நேரம். முழங்கைத் தோல் வழன்றுவிட்டது. கடைசியாகத் தேங்காய் அளவு ஒரு உருண்டை கழன்று வந்தது. அதற்குள்ளிருந்து ஒரு வெளிர்பச்சை நுனி நீட்டிக்கொண்டிருந்தது.

ரேடியோ மோட்டாரைப் போட ஓடினார். அந்த இடைவெளியில் இவர் பச்சையை மட்டும் பிய்த்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் வடியத் தொடங்கியதும் மருத்துவமனை மாடியில் யாரோ கை தட்டினார்களாம். இவருக்கு அது காதில் விழவில்லை. கால்சட்டையின் ஈரம் தொடையில் பட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் பிளாஸ்டிக் பையைத் தடை செய்வதா வேண்டாமா என்று பேச நகராட்சி கூட்டம் போட்டது. நூலகக் கூடத்தில் நாற்காலி பற்றவில்லை. கடைக்காரர்கள் ஒரு பக்கம், வண்டிக்காரர்கள் மறுபக்கம். நடுவில் நகராட்சி என்ஜினியர் ஒரு தார்ப்பாயை விரித்தார். சல்லடையில் ஒரு வாரம் எடுத்த பைகளைக் கழுவி, காயவைத்து, கொண்டுவந்து கொட்டச் சொல்லியிருந்தார். கொட்டியவர் சல்லடைக்காரர். அவர் முன்வரிசையில் குளித்து, தலைவாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு உட்கார்ந்திருந்தார்.

துணிக்கடை முதலாளி எழுந்தார். "எங்க பை கெட்டியானது. ஜனங்க பத்து தடவை உபயோகப்படுத்துவாங்க. இந்த வண்டிக்காரங்க கொடுக்கற மெல்லிசுதான் எல்லாத்தையும் அடைக்குது. தடைன்னா அவங்களுக்குப் போடுங்க."

என்ஜினியர் குவியலைக் கிளறினார். "கறுப்பு நிறைய இருக்கு. மஞ்சளும் இருக்கு. ஆனா முனையில இருக்கற அந்த அம்மா பச்சைப் பை கொடுக்கறாங்களே, அது ஒண்ணுகூட இல்லையே. அவங்க வாடிக்கைக்காரங்க ஒழுங்கா இருக்காங்க போல."

எல்லோரும் வண்டிக்காரர்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சல்லடைக்காரர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவள் எழுந்து வந்தாள். தார்ப்பாயின் ஓரத்தில் குந்தி, கத்தரிக்காய் பொறுக்குகிற வேகத்தில் குவியலை இரண்டு கையாலும் தள்ளினாள். அடிவரை பார்த்தாள்.

"என்னோட பை எங்க?" என்றாள்.

என்ஜினியருக்குப் புரியவில்லை. "இல்லைன்னு சந்தோஷப்படுங்கம்மா."

"எப்படி சார் இல்லாம போகும்? பன்னெண்டு வருசமா நாள் பூரா கொடுக்கறேன். ஒண்ணுகூட சாக்கடைக்குப் போகலைன்னா நான் தேவலோகத்துக்குத்தான் காய் வித்திருக்கணும்."

கூடம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. முன்வரிசையைப் பார்த்தாள். முப்பது வருடம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவளுக்கு அந்தக் குனிந்த தலை போதும்.

சல்லடைக்காரர் எழுந்து நின்றார். "நான்தான் எடுத்து வச்சேன்."

"எத்தனை?"

"இந்த வாரம் ஒரு சாக்கு."

ரேடியோ பின்வரிசையிலிருந்து "அதான் பச்சைக்கு மரியாதையா" என்றார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. என்ஜினியர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "நீங்களே சொல்லுங்க. தடை போடலாமா, வேண்டாமா?"

அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். வாழ்நாளில் அவர் நின்றபடி பேசிய நீளமான பேச்சு இதுதான்.

"போடுங்க சார். அன்னைக்கு மோட்டாருக்குள்ள மாட்டினதுல எங்க வீட்டுப் பையும் இருந்துச்சு. அதையும் நான் மறைச்சிட்டேன். ஆனா வண்டிக்கு மட்டும் போடாதீங்க. பெரிய கடைக்கும் அதே நாள்ல போடுங்க. இல்லன்னா ஆளுங்க எல்லாம் அங்க போயிடுவாங்க. கவர் மட்டும் எங்கிட்ட வந்து சேரும்."

உட்கார்ந்துவிட்டார். துணிக்கடை முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழியில் அவள் நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நிறுத்திடுவ. நிறுத்தினா யாவாரம் படுத்துடும்."

"அதுக்கு என் குப்பையை நீங்க பன்னெண்டு வருசம் ஒளிச்சு வைப்பீங்களா? நான் என்ன சின்னக் குழந்தையா?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே அவர் முழங்கையைத் திருப்பி, காயத்தைப் பார்த்தாள். "ஒரு நாள் கூட்டிட்டுப் போய் காட்டியிருக்கலாம்ல" என்றாள். மறுநாள் காலை வண்டி போடாமல் அவரோடு போனாள். சல்லடைக்கு முன்னால் மூக்கைப் பொத்தாமல் ஒரு மணி நேரம் நின்றாள். மூன்று பச்சை வந்தன. மூன்றையும் அவளே எடுத்துப் போட்டாள்.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எல்லாக் கடைக்கும் சேர்த்துத் தடை வந்தது. அதனால் ஊர் ஒரே நாளில் திருந்திவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். முதல் இரண்டு வாரம் அவளுக்கு வியாபாரம் பாதியாகப் படுத்தது. "பை எடுத்துட்டு வரேன்" என்று போனவர்களில் பலர் அந்தப் பக்கமே வரவில்லை. பழைய துணியில் பை தைத்து இரவல் கொடுத்துப் பார்த்தாள். இரவல் போன பைகளில் பாதி திரும்பி வந்தன. சல்லடையில் இப்போது ஷாம்பு பாக்கெட்டும் குழந்தைகளின் டயப்பரும் வருகின்றன. "எவனோ என் உத்தியோகத்தைக் காப்பாத்திக்கிட்டே இருக்கான்" என்கிறார் அவர். ஆனாலும் தடைக்குப் பிறகு பெய்த பெருமழைக்கு மோட்டார் நிற்கவில்லை.

வேலை முடிந்ததும் அவர் நேரே வண்டிக்கு வந்துவிடுகிறார். ஓர் ஓரமாக ஸ்டூல் போட்டு, பழைய செய்தித்தாளில் பை ஒட்டுகிறார். இரும்புக் கொக்கியைப் பிடித்த கைக்குக் காகிதம் அடங்குவதில்லை. பசை முழங்கைவரை ஏறுகிறது. ஒரு மூலை நேராக வந்தால் மறு மூலை கோணிக்கொள்கிறது. "இதுல வெண்டைக்காய்தான் போடலாம். உருளைக்கிழங்கு போட்டா பிச்சுக்கிட்டு ஓடிரும்" என்று அவள் பார்க்கிற ஒவ்வொன்றுக்கும் தீர்ப்புச் சொல்கிறாள்.

நேற்று சாயங்காலம் அவர் ஒட்டிய பையை முதன்முதலாக ஒரு டீச்சரம்மா கேட்டு வாங்கினார். ஒரு கிலோ தக்காளி. மனைவி தராசுத் தட்டைக் கவிழ்த்துப் பையை நிரப்பினாள். அவர் பையின் அடிப்பாகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சரம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினார். நான்கு அடி போயிருப்பார். சல்லடைக்காரர் ஸ்டூலை விட்டு எழுந்தார். ஓடிப்போய்ப் பைக்கு அடியில் இரண்டு உள்ளங்கைகளையும் ஏந்திப் பிடித்துக்கொண்டார். "நீங்க பாட்டுக்கு நடங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அப்படியே பக்கவாட்டில் நடந்து, பஸ் நிறுத்தம்வரை கூடவே போனார்.