மாமாவுக்கு விழுந்த மாம்பழங்கள்

என் தாய்மாமா பாரிஸுக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிடங்கில் பெட்டி தூக்கியே ஓய்வு பெற்றவர். காரைக்காலில் கேட்டால் ‘பிரான்ஸில் செட்டில் ஆனவர்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். பாட்டுக்காரர் என்று ஒருவர்கூடச் சொல்வதில்லை. எனக்கு அதில் தீராத ஆத்திரம் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசித்தார். பாட்டும் மெட்டும் தானே கட்டுவார். நெரவி பஸ்ஸில் வரும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் கட்டிய பாட்டு எனக்கு மனப்பாடம். வீட்டிலோ, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் அவருக்குப் பெண் பார்த்து வைத்திருந்தார்கள்.

“மாங்கனித் திருவிழாக் கச்சேரியில ஒரே ஒரு தடவை என் பாட்டைப் பாடிப் பாத்துடுறேன். ஜனங்களுக்குப் பிடிக்கலன்னா நீ சொல்ற பொண்ணையே கட்டிக்கிறேன்க்கா” என்று அம்மாவிடம் கெஞ்சித் தவணை வாங்கியிருந்தார்.

திருவிழா அன்று பகலில் சாமி வீதியுலா வர, மாடிகளிலிருந்து மாம்பழங்களை இறைத்தார்கள். கையில் விழுந்தால் பாக்கியம் என்று அம்மா சொல்லியிருந்தாள். பெரியவர்களின் கைகளைத் தாண்டி, ஏழு வயதுக்காரியான எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

சாயங்காலம் மேடையில் மாமா தன் பாட்டை எடுத்தார். முதல் சரணம்கூட முடியவில்லை. “யோவ், சினிமாப் பாட்டு பாடுய்யா!” என்று கூட்டத்தில் ஒரு குரல். பின்னாலேயே ஒரு மாம்பழம் பறந்து வந்து கிட்டாரில் மோதியது. அடுத்தது வெள்ளைச் சட்டையில் நசுங்கி வழிந்தது. பிறகு சரமாரியாக வந்தன. மாமா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாமிக்கு விழுந்ததுபோல் என் மாமாவுக்கும் விழுகிறதே! மேடையோரம் ஓடி ஓடிப் பாவாடை நிறையப் பொறுக்கினேன்.

குழுவை நடத்துபவர் வந்து காதில் ஏதோ சொல்ல, மாமா தன் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு சினிமாப் பாட்டைத் தொடங்கினார். கூட்டம் விசிலடித்துக் கொண்டாடியது. ஆனால் ஒரு பழம்கூட வரவில்லை. பாவமாக இருந்தது எனக்கு.

இறங்கி வந்தவரிடம் ஓடினேன். “உங்க பாட்டுக்குத்தான் மாமா பழம் விழுந்துச்சு. இனிமே அதையே பாடுங்க.”

ஒருநாளும் என்னை அடிக்காதவர் பளாரென்று ஓர் அறை விட்டார். பழங்களெல்லாம் தரையில் உருண்டன. ஓடி வந்த அம்மா என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீ பாத்த பொண்ணு வீட்டுக்குச் சரின்னு சொல்லி அனுப்பிடுக்கா” என்றார் மாமா.

அவருக்கு விழுந்த பழங்களை நானே வைத்துக்கொண்டேன், அதற்குத்தான் அடித்தார் என்று நினைத்தேன். உருண்டவற்றில் நசுங்காத ஒன்றைத் தேடி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவி, அவர் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டில் வைத்தேன்.