பட்டனக்காவின் அனெக்ஸ்

அந்தப் பெரிய கடைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த பழைய கட்டடத்தை எல்லோரும் அனெக்ஸ் என்பார்கள். கட்டியவன் தூக்கக் கலக்கத்தில் கட்டியிருக்க வேண்டும். படி ஏறினால் நேராகச் சுவர். இடப்பக்கம் இறங்கினால் குடைகள், திரும்பினால் போர்வைகள். வெளியே போகிறேன் பேர்வழி என்று கிளம்பியவர்கள் சுற்றிச் சுற்றிப் பட்டன் விற்கும் மேஜைக்கே வந்து நிற்பார்கள். அந்த மேஜையில் காலம் முழுக்க உட்கார்ந்திருந்தவள்தான் பட்டனக்கா.

ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் கழித்து, புது மருமகளுக்குத் தன் ராஜ்ஜியத்தைக் காட்ட அழைத்து வந்தாள். வழி நெடுக ஒரே பீற்றல். "கண்ணைக் கட்டி விட்டாலும் வெளிய வந்துடுவேன், பாரு."

அவளுக்குத் தெரிந்த கதவை இப்போது சுவர் வைத்து அடைத்திருந்தார்கள். சுற்றினாள். பட்டன் மேஜை. மறுபடி சுற்றினாள். மறுபடியும் பட்டன் மேஜை. மருமகள் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். இன்னொரு முறை வந்து நின்றபோது, மேஜையில் இருந்த பெண் உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "நீலக் குடை வந்துடுச்சா?"

பட்டனக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

நீலக் குடை என்று ஒன்று அங்கே எப்போதுமே கிடையாது. யாரோ திருட்டு முழி முழித்துக்கொண்டு சுற்றுகிறார்கள், ஒரு கண் வையுங்கள் என்று அர்த்தம். அந்த ரகசியப் பேச்சைக் கண்டுபிடித்தவளே அவள்தான். எத்தனை பேரை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்லியிருப்பாள்! சாப்பாட்டு நேரத்தில் அதே வாயால், இந்தக் கட்டடத்தில் பேய்க்குக்கூட வழி தெரியாது என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். இரண்டையும் சேர்த்து ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு முறை தேய்ந்த செருப்போடு வந்த பெரியவர் ஒருவர், பையிலிருந்து மருந்துப் பாட்டிலையும் மாற்றுச் சட்டையையும் எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, "வழிதான்மா தெரியல" என்றார். அன்றைக்கு அவள் நம்பவில்லை. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பையைக் கொஞ்சம் காட்டுறீங்களாம்மா?" என்றாள் மேஜைக்காரப் பெண்.

மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது. "யார்கிட்ட கேக்குறீங்க? இவங்க இங்கயே வேலை பாத்தவங்க. பட்டனக்கான்னு விசாரிச்சுப் பாருங்க!"

"நீ சும்மா இரு" என்று பட்டனக்கா அவள் கையைப் பிடிப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

மேஜைக்காரப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "ஐயோ, அக்கா நீங்களா! நீங்க ஆரம்பிச்சு வச்சதுதான்க்கா, இன்னிக்கு வரைக்கும் விடாம பண்றோம். தினமும் யாராவது மாட்டுறாங்க."

"அவ்வளவு பேரா திருடுறாங்க?" என்று கேட்டாள் மருமகள்.

"பையில ஒண்ணும் இருக்காதுங்க. ஆனா ஒரு பயம் இருக்கும்ல?"

மருமகள் மெல்லத் திரும்பினாள். "நீங்களும் இப்படித்தான் பண்ணுவீங்களா, அத்தை?"

பட்டனக்காவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பையைத் திறந்து மேஜைமேல் வைத்தாள்.

"ஆமா" என்றாள். பிறகு அந்தப் பெண்ணிடம், "நல்லா பாத்துட்டு, வெளிய போற வழியையும் சொல்லும்மா. நான் யாருக்கும் சொன்னதில்ல" என்றாள்.