பத்ருலின் குரலும் சுக்ரியின் கால்களும்

எங்கள் கம்பார் நகரில் அரசாங்க வேலையைத் தானாக விட்டவர் ஒருவர் இருக்கிறார் என்றால், மேற்கொண்டு விசாரிக்க வேண்டியதில்லை. அது சுக்ரிதான். குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிற உத்தியோகம், பின்னால் ஓய்வூதியம். அதை எழுதிக் கொடுத்துவிட்டு இனிமேல் பெயிண்ட்பாலில் பிழைக்கப் போவதாக அறிவித்தார். அலுவலகத்தில் கேக் வெட்டி வழியனுப்பினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டது பிரிவால் அல்ல, பரிதாபத்தால்.

மாமனார் ஹாஜி வாஹித், கெரோப்போக் என்கிற மீன் அப்பளம் பொரித்து விற்கும் கடை வைத்திருப்பவர். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"மூஞ்சியில கூடு மாட்டிக்கிட்டு ஒருத்தன் மேல ஒருத்தன் துப்பாக்கியால சாய உருண்டை அடிக்கிறீங்க. இதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?"

"குடுப்பாங்க மாமா."

"குடுக்கலன்னா வா. கெரோப்போக் பொட்டலம் கட்ட ஆள் வேணும்."

அன்று முதல் சுக்ரியின் வாழ்க்கையில் இரண்டே பாதைகள். ஒன்று பெயிண்ட்பால், இன்னொன்று கெரோப்போக்.

பழைய ஈயச் சுரங்கக் குட்டைக் கரையில் நண்பன் பத்ருலோடு சேர்ந்து மைதானம் போட்டார். சுற்றிலும் வலை, நடுவே ஒளிந்துகொள்ளக் காற்றடைத்த பெரிய மெத்தைகள். சனிக்கிழமைகளில் அலுவலகங்கள் ஒற்றுமையை வளர்க்க வரும். மேலாளரை மட்டும் எதிரணியில் விட்டுவிட்டு, மற்ற எல்லோரும் ஒற்றுமையாக அவரைச் சுடுவார்கள். எந்த விளையாட்டிலும் இவ்வளவு பணிவான குறி பார்த்தலைக் காண முடியாது.

இருவரும் ஆடுகிற அணியில் தலைவரான சுக்ரி முன்னால் ஓடுகிறவர், பத்ருல் பின்னால் நிற்பவர். முன்னால் ஓடுகிறவனுக்கு ஒன்றும் தெரியாது. மெத்தைக்குப் பின்னால் மண்ணோடு மண்ணாகக் கிடப்பான். எதிரி எங்கே இருக்கிறான் என்பதைப் பின்னால் நிற்பவன் பார்த்துக் கத்துவான். "சுக்ரி, இடது காலி, போ" என்று பத்ருல் கத்தினால் சுக்ரி எழுந்து இடப்பக்கம் ஓடுவார். யோசிப்பதில்லை. திருமணமான இத்தனை வருடத்தில் மனைவி சல்பியாவின் சொல்லுக்கு அந்தக் கால்கள் ஒரு தடவையும் அப்படி எழுந்ததில்லை என்பது அவளுடைய நிரந்தரப் புகார்.

ஒரு வருடம் குட்டைக் கரையை மீன் வளர்க்கிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார்கள். அதே சமயம் ஒரு மெத்தைக் கம்பெனி, மெத்தை என்ற உறவின் பேரில், பெயிண்ட்பாலைக் கைதூக்கிவிட முன்வந்தது. பேராக் மாநில இறுதிப் போட்டியில் வெல்கிற அணிக்கு ஈப்போவில் கட்டுகிற புது மைதானத்தில் வேலை. அணித்தலைவனுக்குத் தலைமைப் பயிற்சியாளர் பதவி, மாதச் சம்பளம். தோற்றால் பொட்டலம்.

போட்டிக்குச் சில நாள் முன்பு பத்ருல் படுத்துவிட்டான். முதுகெலும்பு விலகிவிட்டதாம்.

"திரும்பிப் படுக்கக்கூட முடியலடா. நீ வேற ஆள வெச்சுக்க. எனக்காக ஜெயி."

சுக்ரி அவன் தலையணையைச் சரிசெய்துவிட்டு வந்தார். சல்பியா மாட்டுவால் சூப் காய்ச்சி நாளுக்கு ஒன்றாக மூன்று டப்பாக்களில் கொடுத்தனுப்பினாள். படுத்தபடியே குடித்த பத்ருல் மிளகு சற்றுக் குறைவு என்றான். நோயாளி சொன்னதால் அடுத்த டப்பாவில் மிளகு கூடியது.

இறுதிப் போட்டியன்று எதிரே ஈப்போ அணி வரிசையாக வந்தது. தலைவனுக்கான பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு கடைசியாக வந்தது பத்ருல். குனிந்து காலணி நாடாவைக் கட்டினான். முதுகு அழகாக வளைந்தது.

சுக்ரி முகமூடியைப் போட்டுக்கொண்டார். அதற்குள்ளே என்ன நடந்தது என்பது அந்தக் கண்ணாடியில் படிந்த ஈரத்துக்குத்தான் தெரியும்.

ஆட்டம் என்னவோ நன்றாகத்தான் போனது. கோபத்தில் சுக்ரி மூன்று பேரைத் தனியாகவே சாயம் அடித்து வெளியேற்றினார். கடைசியில் இந்தப் பக்கம் சுக்ரி ஒருவர்; அந்தப் பக்கம் பத்ருலும் ஒரு பையனும். பத்தடி தள்ளி எதிரணியின் மணி; அதை அடிக்கிற அணிக்கே வெற்றி. ஓடிப் போய் அடித்துவிட்டால் உத்தியோகம். மெத்தைக்குப் பின்னால் ஒட்டிக் கிடந்தார். வலமா, இடமா என்று தெரியவில்லை. வலைக்கு வெளியே கூட்டம் கையிலிருந்த நாசி லெமாக் சோற்றை மறந்து கத்தியது. முகமூடிக்குள் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய முடியாது.

அப்போது அந்தக் குரல் கேட்டது.

"சுக்ரி, இடது காலி, போ."

பத்ருல் இப்போது யார் அணி என்பது சுக்ரியின் மூளைக்கு நன்றாகத் தெரியும். கால்களுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அவை எழுந்து இடப்பக்கம் ஓடின. அந்தப் பையன் அங்கேதான் முழங்காலிட்டுக் காத்திருந்தான். நடுநெஞ்சில் ஆரஞ்சுச் சாயம் உடைந்தது.

சுக்ரி தானாகவே கையை உயர்த்திக்கொண்டு வெளியே நடந்தார். பிறகு முகமூடியைக் கழற்றிவிட்டு நேராகப் பத்ருலிடம் போனார்.

"முதுகு எப்படி இருக்கு?"

"சூப்புல சரியாயிடுச்சு."

"நீ எதுக்குடா கத்தின?"

"கத்தறது தப்பா? நடுவரக் கேளு."

நடுவர் விதிகளை ஆராய்ந்தார். எதிரிக்கு வழி சொல்லக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அப்படியொரு விதி தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

இரண்டு வாரம் சுக்ரி கெரோப்போக் கட்டினார். பழைய அலுவலக நண்பர்கள் வேண்டுமென்றே அந்தக் கடையில் வந்து வாங்கினார்கள். பிறகு ஒரு மாலை, பத்ருல் டப்பாக்களோடு வீட்டு வாசலில் நின்றான். எங்கள் ஊரில் அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருகிற வழக்கமில்லை. துரோகியும் இதில் கறாராக இருந்தான். உள்ளே தேங்காய்ப்பூ தூவிய பனைவெல்ல உருண்டைகள்.

சல்பியா எண்ணிப் பார்த்தாள். "மூணு குடுத்தேன். ரெண்டுதான் வந்திருக்கு."

"மூணாவது மூடி கெடைக்கல காக்" என்று அக்கா முறை வைத்துச் சொன்னான்.

"நீங்க கொண்டு போனதுல இதாவது திரும்பி வந்துச்சே" என்று உள்ளே போய்விட்டாள்.

பத்ருல் தொண்டையைச் செருமினான். "மைதானத்துல ஒரு வேலை இருக்குடா. பிறந்த நாள் விழாவுக்குப் பசங்க வருவாங்க. அவங்க சுடறதுக்கு ஓடற ஆள் வேணும். கவசம் குடுப்போம். மாசச் சம்பளம்."

சுக்ரி கையிலிருந்த கெரோப்போக் எண்ணெய் வாடையை முகர்ந்து பார்த்தார். பெயிண்ட்பாலில் பிழைப்பதாகத்தான் ஊருக்குச் சொல்லியிருந்தார். சுடுகிற பக்கமா, படுகிற பக்கமா என்று சொல்லியிருக்கவில்லை.

முதல் நாள். மேடை மேல் தலைமைப் பயிற்சியாளர் பத்ருல், கீழே இருபது குழந்தைகள், நடுவில் கவசத்தோடு சுக்ரி. ஊதல் ஒலித்தது. பத்ருல் கைகளை ஆட்டி ஏதோ கத்தினான். சுக்ரி அசையவில்லை. வலப்பக்கமிருந்து பிறந்த நாள் பெண்ணும் அவள் பரிவாரமும் பாய்ந்து வந்து, தலையிலிருந்து கால்வரை நீலமாக்கிவிட்டுக் கேக் தின்னப் போனார்கள்.

பத்ருல் இறங்கி ஓடி வந்தான். "வலப்பக்கம் வராங்க, இடப்பக்கம் ஓடுன்னு கத்தினேனேடா. கேக்கலையா?"

சுக்ரி முகமூடியைக் கழற்றி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தார்.

"என்ன சொன்ன?"

"இந்தத் தடவ நெசமாத்தான் சொன்னேன்."

"இருக்கலாம். நெசமோ பொய்யோ, ஒன் குரல் கேட்டா கால் ஓடிடும். அதுக்குத்தான் பஞ்சு."

நீலம் படாத பக்கமாகத் திருப்பி, பஞ்சை மறுபடியும் காதில் வைத்துக்கொண்டார். அடுத்த விழாக் கூட்டம் வாசலில் வந்து நின்றிருந்தது.